பெறாமக்கள் வரிசையில் ஒரு பெயர்

1

காலை ஏழு மணிக்கு நான் பிரித்தானியச் செய்தி கேட்கிறேன். அங்கே அப்போது மதியம் பன்னிரண்டு. இருப்பது ரொறன்ரோவின் வடகிழக்கு மூலையில், ரூஜ் பகுதியில், மகன் வீட்டின் நிலக்கீழ் அறையில். கனடாச் செய்தியை மகன் ரமணன் காரில் கேட்டுக்கொண்டு மார்க்கம் நகருக்கு வேலைக்குப் போகிறான். எனக்கு அது தேவைப்படுவதில்லை. இங்கே பனி கொட்டினால் ஜன்னலில் தெரியும்.

அங்கே ரயில்காரர்கள் எந்த நாட்களில் வேலைநிறுத்தம் செய்யப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி நடைபாதைகளில் கட்டில் போட்டு வயதானவர்களைப் படுக்க வைத்திருப்பதும் தெரியும். குளிர்காலத்தில் எரிவாயுக் கட்டணத்துக்குப் பயந்து ஒரே அறையில் குடும்பமாகக் குந்தியிருக்கிறார்களாம். பிரதமர்கள் வாடகைக்கு வந்தவர்கள் போல வந்து வந்து போனார்கள். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்பேன். கடலைத் தாண்டி இறப்பர்ப் படகுகளில் வருகிறவர்களைப் பற்றிய செய்தி வரும்போது மட்டும் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். கள்ளப் பத்திரங்களோடு வருகிறவர்கள் என்று யாராவது ஓர் அரசியல்வாதி சொல்வார். அந்தச் சொல்லை மேலே சமையலறையில் நிற்கும் மருமகள் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன. இருந்தும் குறைப்பேன்.

பத்து மணிக்குப் பக்கத்துக் கடைத்தொகுதிக்கு, மோலுக்கு, போவேன். கோப்பிக் கடைக்கு முன்னால் எங்கள் ஆட்கள் ஐந்தாறு பேர் கூடுகிற மேசை ஒன்று இருக்கிறது. என்னைக் 'கிளாக்கர்' என்பார்கள். ஊரில் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவன். இங்கே வந்து தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன், பிறகு காவல் வேலை பார்த்தேன். ஆனாலும் அந்தப் பெயர் போகவில்லை. ஏனென்றால் படிவம் நிரப்ப வேண்டியவர்கள் இன்றைக்கும் என்னிடம்தான் வருகிறார்கள். ஸ்பொன்சர், ஓய்வூதியம், பாஸ்போட், எது என்றாலும்.

"கிளாக்கர், லண்டனிலை குடை விரிச்சாச்சோ?" என்று சிவம் கேட்பார். எங்களுக்குப் பிரித்தானியா முழுவதும் லண்டன்தான்.

"இவருக்கு இஞ்சை ஸ்னோ கொட்டினாலும் தெரியாது. அங்கை தூறினால் உடனை தெரியும்" என்பார் இன்னொருவர். "அரசர் இவரைக் கேட்டுத்தான் வெளிக்கிடுறவராம்."

சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், அண்ணரின் மகள் ஒருத்தி என்பேன். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக அப்படித்தான் சொல்லி வருகிறேன்.

அவள் என் மகள்.

இந்தக் குறிப்பில் மனிதர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம் என்று பத்திரிகைக்கும் எழுதியிருக்கிறேன். அவளுக்கு மாற்றுப் பெயர்கூட வைக்கவில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

2

அண்ணர் எழுபதுகளிலேயே பிரித்தானியாவுக்குப் படிக்கப் போய் அங்கேயே தங்கியவர். அவருக்கும் அண்ணிக்கும் பிள்ளைகள் இல்லை. எங்களுக்கு இரண்டு. மூத்தவளுக்கு ஒன்பது வயது, ரமணனுக்கு நான்கு. ஊரில் பள்ளிக்கூடம் திறக்கும் நாட்களைவிடப் பூட்டும் நாட்கள் கூடிப்போன காலம். ஒருநாள் காலை மதிலோரம் கிடந்த ஒரு பொருளை அவள் எடுத்துவந்து, "அப்பா, இது என்ன?" என்று என்னிடம் நீட்டினாள். அது என்ன என்று எழுத இப்போதும் கை கூசுகிறது. வெடிக்கவில்லை. அன்றைக்கே அண்ணருக்குக் கடிதம் போட்டேன்.

அண்ணர் தன் சொந்தப் பிள்ளையைத் தன்னிடம் எடுப்பிக்கலாம், தம்பியின் பிள்ளையை எடுப்பிக்க முடியாது. ஆகவே அவள் அவருடைய சொந்தப் பிள்ளையாக வேண்டியிருந்தது. எங்கள் சனத்தில் அப்போது இது புதினமான காரியமல்ல. மச்சாளின் பாஸ்போட்டில் போனவள், பக்கத்து வீட்டுக்காரனின் மகனாகப் போனவன் என்று ஒவ்வொரு தெருவிலும் இருந்தார்கள். மற்றவர்கள் தரகர்களிடம் ஓடினார்கள். எனக்கு அந்தத் தேவை இருக்கவில்லை. பிறந்தபோது பதியாமல் விட்ட பிள்ளை என்று சத்தியக் கடதாசி முடித்து, காலங்கடந்த பதிவுக்கான விண்ணப்பத்தை நானே எழுதினேன். தகப்பன் பெயர் என்ற இடத்தில் அண்ணரின் பெயர். தாய் பெயர் என்ற இடத்தில் அண்ணியின் பெயர். என் எழுத்து நல்ல எழுத்து. மேலதிகாரிகள் மெச்சுவார்கள்.

பழைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எரித்துவிடச் சொல்லி மனைவி புவனத்திடம் கொடுத்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டு, "ஆறு மாசத்துக்குத்தானே பிள்ளையை விடுறம் எண்டு சொன்னனீங்கள்?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

கொழும்பில் ஒரு லொட்ஜில் இரண்டு கிழமை தங்கினோம், நானும் மகளும். அண்ணர் வந்து கூட்டிப்போகும்வரை அவளைப் பழக்கினேன். உன்ரை பெயர் என்ன, அப்பாவின்ரை பெயர் என்ன, இவர் உனக்கு என்ன முறை. நேர்முகப் பரீட்சைக்குப் பழக்குவது போலக் கேட்பேன். தகப்பன் பெயர் கேட்டால் அவள் என் பெயரைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடிப்பாள். முதல் நான்கு நாளும் சிரித்தேன். ஐந்தாம் நாள் கன்னத்தில் அறைந்தேன். அதற்குப் பிறகு அவள் பிழை விடவில்லை.

கடைசி நாள் பின்னேரம் தலை இழுத்துப் பின்னிவிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள்: "ஆரும் இல்லாத நேரத்திலையும் உங்களைச் சித்தப்பா எண்டோ சொல்லவேணும்?"

"ஆரும் இல்லாத நேரத்திலையும்தான். அப்பதான் பழக்கம் வரும்" என்றேன்.

"சரி, சித்தப்பா" என்றாள்.

3

இரண்டு வருடம் கழித்து நாங்கள் மூவரும் கனடா வந்தோம். வழியை எழுதத் தேவையில்லை. வந்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

அகதி விண்ணப்பப் படிவம் தந்தார்கள். உங்கள் பிள்ளைகள் அனைவரையும், அவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும், உங்களோடு வந்தாலும் வராவிட்டாலும் எழுதவும் என்று அதில் தெளிவாக இருந்தது. மொழிபெயர்ப்பாளரை வேண்டாம் என்று சொல்லி நானே வாசித்தவன். எனக்கு விளங்கவில்லை என்று சொல்ல முடியாது. ரமணனின் பெயரை எழுதினேன். இரண்டாவது கோட்டில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். அவளை எழுதினால் அண்ணர் அங்கே மாட்டிக்கொள்வார், அவளையும் திருப்பி அனுப்புவார்கள், எங்கள் வழக்கும் போய்விடும். இதைத்தான் புவனத்துக்குச் சொன்னேன். எல்லாம் உண்மை. ஆனால் வேறோர் உண்மையும் இருந்தது. அந்தக் கோட்டை வெறுமையாக விட்டால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். எனக்குக் களைப்பாக இருந்தது.

எழுதாமல் விட்ட பிள்ளையைப் பிறகு ஒருநாளும் எடுப்பிக்க முடியாது என்பதைச் சில வருடங்களுக்குப் பின் வேறொருவரின் படிவத்தை நிரப்பும்போது அறிந்தேன். அன்று முதல் என்னிடம் வருகிற எல்லோருக்கும் முதல் வார்த்தையாக, "ஒருத்தரையும் விடாமல் எழுதுங்கோ" என்கிறேன். கிளாக்கர் கெட்டிக்காரன், சட்டம் தெரிந்தவன் என்று மோலில் பெயர்.

பதினேழு வயதில் அவள் ஒருமுறை வந்தாள், அண்ணர் அண்ணியோடு, விடுமுறைக்கு. விமான நிலையத்தில் புவனம் பாதையை மறித்துக்கொண்டு நின்றாள். மகள் பெட்டியை விட்டுவிட்டு வந்து கட்டிப்பிடித்து, "எப்பிடி இருக்கிறியள், சின்னம்மா?" என்றாள். தடுமாறவில்லை. காரில் அண்ணியின் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து புவனம் புட்டுக்கு மா குழைத்தாள். நான் சமையலறை வாசலில் நின்றேன். நிமிர்ந்து பார்க்காமலே, "நல்லாய்ப் பழக்கிப்போட்டியள்" என்றாள்.

ஆறு மாதத்தைப் பற்றி அவள் பிறகு ஒருபோதும் பேசவில்லை. பேசியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லித் தப்பியிருப்பேன். கிழமைக்கு ஒருமுறை தொலைபேசி அட்டையைச் சுரண்டி இலக்கத்தை அழுத்துவாள். அண்ணியோடு பத்து நிமிடம் பேசி, கடைசியில், பிள்ளை நிக்கிறாளோ, ஒருக்கால் குடுங்கோ என்பாள். அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் அந்தப் பத்து நிமிடம்.

4

புவனம் போன வருடம் கார்த்திகையில் காலமானாள்.

நம்மவர்களில் ஒருவர் இறந்தால் முதலில் நடப்பது மரண அறிவித்தல். சவப்பெட்டி தெரிவு செய்வதற்கு முன்னர் அதை எழுதி இணையத்தில் போட்டுவிட வேண்டும். லண்டன், பாரிஸ், சிட்னி எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கென்று ஒழுங்கு இருக்கிறது. இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும், பிறகு மருமக்கள், சகோதரர்கள், மைத்துனர்கள், சகோதரரின் பிள்ளைகளான பெறாமக்கள், கடைசியாகப் பேரப்பிள்ளைகள். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் அடைப்புக்குறிக்குள் நாடு. சனம் அதைப் பரீட்சைப் பெறுபேறு போல வாசிக்கும். யாரை எந்த வரிசையில் போட்டார்கள், யாரை விட்டார்கள் என்று.

ரமணன் கொம்பியூட்டரைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு இருந்தான். கண் வீங்கியிருந்தது. பாசமிகு தாயார் என்ற இடத்தில் தன் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டு நிறுத்தினான். அவனுக்குப் பதினெட்டு வயதில் தாய் உண்மையைச் சொல்லியிருந்தாள். நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

"அக்காவை எங்கை போடுறது?" என்று கேட்டான்.

அண்ணர் அதற்கு மூன்று வருடம் முன்னரே காலமாகிவிட்டார். யாருக்கும் பயப்பட வேண்டிய காலம் போய்விட்டது. ஆனாலும் கேள்வி வந்தவுடனே, லொட்ஜில் பழக்கிய பிள்ளை போல, நான் பதிலைச் சொன்னேன்.

"பெறாமக்களிலை போடு."

அவன் அந்த வரிசையில் அவளுடைய பெயரைத் தட்டினான்.

செத்தவீட்டுக்கு அவள் தன் பதினொரு வயது மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அறிவித்தலை அங்கே விமானத்துக்குக் காத்திருந்தபோது வாசித்திருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் இருந்தாள். முதல் வரிசை குடும்பத்துக்கு.

கிரியையின் முடிவில் பேரப்பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி நின்று பந்தம் பிடிக்க வேண்டும். இங்கே மண்டபங்களில் நெருப்புக்கு விடமாட்டார்கள் என்பதால் பற்றரியில் எரிகிற சிறு விளக்குகள் கொடுப்பார்கள். ஐயர் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டார். ரமணனின் பிள்ளைகள் இருவரும் போனார்கள். தட்டில் விளக்குகள் மிச்சம் இருந்தன. வேறு பேரப்பிள்ளைகள் இருந்தால் வரலாம் என்று ஐயர் இங்கிலிசிலும் ஒருமுறை சொன்னார். மூன்றாவது வரிசையில் அந்தச் சிறுமி எழும்பினாள். அவளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று எனக்குத் தெரியாது. மற்றப் பிள்ளைகள் நிற்பதைப் பார்த்து எழும்பியிருக்கலாம். தாய் அவளுடைய கையைப் பிடித்து மெதுவாக இருத்தினாள். இருத்தும்போது என்னைப் பார்த்தாள்.

நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். இருபது அடி தூரம் இருக்காது. "பிள்ளையை விடு, வரட்டும்" என்று நான் சொல்லியிருக்கலாம். மூன்று சொல். முன்னால் இருந்தவர்களில் பாதிப் பேர் ஊரவர்கள், மோல்க்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நான் பெட்டியைப் பார்த்தேன். ஐயர் அடுத்த மந்திரத்துக்குப் போனார்.

என் வாழ்க்கையில் நான் செய்த பிழைகளுக்கு யுத்தத்தைச் சாட்டலாம், சட்டத்தைச் சாட்டலாம். இதற்கு ஒன்றையும் சாட்ட முடியவில்லை.

5

இந்த ஐப்பசியில் ஆட்டைத்திவசத்துக்கு, அவளுடைய முதலாம் ஆண்டுக் கிரியைக்கு, ஆயத்தம் தொடங்கியது. றிச்மண்ட் ஹில் கோயிலில் பூசைக்குச் சொல்லியாயிற்று. மருமகள் புவனத்தின் சேலைகளைப் பிரித்து யார் யாருக்குக் கொடுப்பது என்று பார்த்தபோது, கூறைச்சேலை மடிப்புக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. கொண்டுவந்து என்னிடம் தந்தாள்.

பழைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். தகப்பன் என்ற இடத்தில் நான். தாய் என்ற இடத்தில் புவனம். எரிக்கவில்லை. ஊரிலிருந்து கொழும்புக்கும், அங்கிருந்து எத்தனையோ எல்லைகளுக்கும், கண்டுபிடித்தால் எல்லோரையும் கவிழ்த்துவிடக்கூடிய அந்தக் கடதாசியை என் மனைவி தன்னோடு கொண்டு திரிந்திருக்கிறாள். என்னிடம் சொல்லாமல்.

முதலாம் ஆண்டு நினைவஞ்சலியை அன்று நானே எழுதினேன், கடதாசியில், என் நல்ல எழுத்தில். பிள்ளைகள் என்று போட்டு முதலில் அவளுடைய பெயர், பிறகு ரமணனின் பெயர். பேரப்பிள்ளைகள் மூன்று பேர். ரமணனைக் கூப்பிட்டு, இதை அப்படியே போடு என்றேன்.

வாசித்தான். சிற்றிசன்ஷிப்பில் பொய் சொன்னதாக வந்தால் என்ன செய்வீர்கள், லோயரிடம் கேட்டீர்களா என்று தொடங்கினான். எண்பது வயதில் என்னை எங்கே அனுப்பப்போகிறார்கள், அனுப்பினால் அனுப்பட்டும் என்றேன். எனக்கு ஒருவித வீரம் வந்திருந்தது. அவன் கடதாசியை மேசையில் வைத்தான்.

"அக்காட்டைக் கேட்டனீங்களோ?"

நான் கடதாசியை என் பக்கம் இழுத்தேன்.

"முந்தியும் கேட்கேல்லை. இப்பவும் கேட்கேல்லை. என்னப்பா நீங்கள்?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். அன்றுதான் அங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள். இங்கே தள்ள இன்னும் ஒரு கிழமை இருந்தது. வருடத்தில் இப்படிச் சில வாரங்கள் மட்டும் எங்களுக்கு இடையில் ஐந்து மணித்தியாலம் நான்காகக் குறையும். எனக்கு இதெல்லாம் தெரியும். அவளுடைய வேலை என்ன என்பதைத்தான் சரியாகச் சொல்லத் தெரியாது. ஏதோ கவுன்சிலில், ரயிலில் போய் வருகிற வேலை.

பேப்பரில் எழுதி வைத்ததை வாசிப்பது போலச் சொன்னேன். பத்திரம் கிடைத்தது, உன்ரை அம்மா எரிக்காமல் வைத்திருந்திருக்கிறா, நினைவஞ்சலியில் உன்னைப் பிள்ளை என்று போடப்போறன் என்று. அவளுக்குப் பின்னால் தொலைக்காட்சிச் சத்தமும், யாரோ வயதான ஒருவர் திரும்பத் திரும்ப ஏதோ கேட்பதும் கேட்டன.

"கேட்குதே?" என்றாள். "அது அம்மா. இப்ப ஆரையும் தெரியாது அவவுக்கு. அப்பா செத்ததையும் மறந்திட்டா. என்னை மட்டும் மகள் எண்டு தெரியும். நான் குளிக்கப் போனாலும் மகள் எங்கை, மகள் எங்கை எண்டு கேட்டுக்கொண்டிருப்பா."

அண்ணியைத்தான் சொன்னாள்.

"நினைவஞ்சலி பார்த்தால் இஞ்சத்தை ஆக்கள் உடனை ஃபோன் அடிப்பினம். வீட்டை வந்து அவவிட்டையே கேட்பினம். அந்த ஒண்டுதான் அவவுக்கு மிச்சம். அதையும் எடுக்கச் சொல்லுறியளோ?"

பத்திரத்தில் உன் அம்மாவின் பெயர் இருக்கிறது என்றேன் மறுபடியும்.

"தெரியும். சின்னம்மா எனக்குக் காட்டினவ. அந்த முறை வந்து நிக்கேக்கை. எனக்குப் பதினேழு வயசு." அவள் குரல் ஒருமுறை உடைந்தது. பிறகு சரியாகிவிட்டது. "ஆரும் இல்லாத நேரத்திலையும் பழகச் சொன்னனீங்கள். பழகீட்டன். இனி என்னை மாத்தச் சொல்லாதேங்கோ, ப்ளீஸ். எனக்கு ஏலாது."

அப்படியானால் முன்போலப் பெறாமக்களில் போடட்டா என்று கேட்டேன். இதைக் கேட்டதற்கு எனக்கு மன்னிப்பு இல்லை. ஆனால் படிவத்தில் ஓர் இடம் வெறுமையாக இருந்தால் என் புத்தி வேறு விதமாக வேலை செய்யாது.

"வேண்டாம், சித்தப்பா" என்றாள். "ஒரு இடத்திலையும் போடாதேங்கோ."

நான் பழக்கிய சொல். பிழையே இல்லாமல் வந்தது.

6

நினைவஞ்சலி வெளிவந்தது. பிள்ளைகள் என்ற இடத்தில் ரமணன். பெறாமக்கள் என்ற வரியையே ரமணன் எடுத்துவிட்டான். பூசையன்று ஐயர் என்னிடம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டார், சங்கற்பத்துக்கு. ரமணன் முந்திக்கொண்டு ஒன்று என்றான். என்னைக் காப்பாற்றவா, அவளைக் காப்பாற்றவா என்று தெரியவில்லை.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் என்னிடம் இருக்கிறது. அவளுக்கு அனுப்பட்டுமா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. எரிக்கவும் மாட்டேன். நான் போன பிறகு ரமணன் ஏதாவது செய்யட்டும்.

இந்தக் கிழமை அவள் இருக்கும் பக்கத்தில் பெருமழை. ஆறு கரை தாண்டி ரயில் பாதையில் ஏறிவிட்டது. பாதை திறக்க இரண்டு நாளாகும் என்று காலைச் செய்தியில் சொன்னார்கள். அவள் வேலைக்குப் போயிருக்க மாட்டாள். வீட்டில் அண்ணியோடு இருப்பாள். மகளுக்கும் பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும். மூவருமாக ஜன்னலில் மழை பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மோலில் மேசைக்கு ஒரு புதியவர் வந்திருந்தார், மன்னார்ப் பக்கம். ஓய்வூதியப் படிவம் கொண்டுவந்திருந்தார். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டேன், ஒருத்தரையும் விடாமல் சொல்லச் சொன்னேன். ஏழு பெயரும் சொன்னார். ஒன்று செத்த பிள்ளை. அதற்கு இந்தப் படிவத்தில் இடமில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்.

சிவம் வழமைபோல, "லண்டனிலை என்ன விசேஷம், கிளாக்கர்?" என்றார். வெள்ளம், ரயில் இல்லை என்றேன்.

புதியவர் படிவத்திலிருந்து நிமிர்ந்து, "ஐயாவுக்கு அங்கை ஆர் இருக்கினம்?" என்று கேட்டார்.

முன்னரெல்லாம் பயத்தில் சொன்னேன். இந்த முறை அவள் கேட்டுக்கொண்டதற்காகச் சொன்னேன். கேட்கிறவருக்கு இரண்டும் ஒரே பதில்தான்.

"அண்ணரின்ரை மகள் ஒருத்தி" என்றேன்.